ஆறாவது கட்டம்

சுவரில் தொங்கும் உரிமச் சான்றில்
இன்னும் ஜெபக்கனி அக்காதான் பொறுப்பாளர்.
கண்ணாடியின் இடது மூலையில் மஞ்சளாய் ஒரு விரல்தடம்.
பருப்புச் சோறு ஊட்டிய கையோடு
என்றைக்கோ கோணலை நிமிர்த்தியிருப்பாள்.

அவள் போய்ப் பன்னிரண்டு நாள்.
பதினைந்து நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று
சான்றின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் இருக்கிறது.

முக்கூடலில் யாருக்கும் தெரிவிக்க வேண்டியிருக்கவில்லை.
மறுநாளே தாய்மார்கள்
"இனி நீதானாட்டி?" என்று கேட்டுவிட்டுப்
பிள்ளைகளை இடுப்பிலிருந்து இறக்கினார்கள்.
விரலிடுக்கில் புகையிலைத் தூளோடு
கன்னத்தை ஒருமுறை துடைத்துவிட்டுப் போனார்கள்.

பிள்ளைகள் தூங்கும் நேரம் பார்த்துப்
படிவத்தை விரித்தேன்.
புதியவர் பெயர்: உ. பிரம்மசக்தி.
என் கையெழுத்து எனக்கே வேறு யாருடையதோ போல.
கல்வி, முகவரி, அலைபேசி எண்,
ஐந்தாவதில் பிள்ளைகள் எண்ணிக்கை.
பத்தொன்பது என்று எழுதுமுன் திரும்பி எண்ணினேன்.
பதினெட்டு.
மறுபடி எண்ணினேன்.
பதினெட்டு.
எழுந்த வேகத்தில் பேனா உருண்டது.
கதவுக்குப் பின்னால் நின்று
சுண்ணாம்பைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தான்
பத்தொன்பதாவது.

ஆறாவது கட்டம்:
மாற்றத்துக்கான காரணம்.
ஒன்றரை விரல் அகலம்.

கொக்கிரகுளத்துக்குப் போன் போட்டேன்.
"சொந்தக் காரணம்னு போடுங்கம்மா,
எல்லாரும் அதத்தான் போடுதாவ.
வேற எதும் போட்டா
நாங்க ஆய்வுக்கு வரணும்லா."
அவர் குரலில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.
மதியச் சாப்பாட்டுக்குப் போகிற அவசரம் மட்டும்.

சொந்தக் காரணம்.
யாருக்குச் சொந்தம்?

அந்தச் செவ்வாய்க்கிழமை
நான் சத்துமாவு எடுக்கப் போயிருந்தேன்.
பத்தொன்பது பேருக்கு அக்கா ஒருத்தி.
இரவெல்லாம் மாமனாருக்கு மூச்சுத்திணறல் என்று
ஆஸ்பத்திரியில் விழித்த கண்
சுவரில் சாய்ந்ததும் மூடிவிட்டது.
நவிஷாவுக்கு இரண்டே முக்கால் வயது.
தாழ்ப்பாள் இல்லாத கதவு.
ஆற்றுக்கு இறங்கும் சந்து.
தண்ணீர் கேன் வண்டிக்காரர்தான்
மடியில் வைத்துக் கொண்டுவந்தார்.
"இது ஒங்க பிள்ளையா?"

ஒன்றும் ஆகவில்லை.
பாதத்தில் கொஞ்சம் மணல், அவ்வளவுதான்.

யாரும் பார்க்கவில்லை, மறைத்திருக்கலாம்.
சாயங்காலம் அக்கா தானாகவே சொர்ணமதியிடம் சொன்னாள்.
"பிள்ள இருக்குல்லா, விடுங்க" என்றாள் தாய்,
முகத்தைப் பார்க்காமல்.
அக்கா விடவில்லை.
காலையில் சாவிக்கொத்து
வருகைப் பதிவேட்டின் மேல் இருந்தது.

தாழ்ப்பாள் உடைந்து இரண்டு மாதம்.
நிர்வாகக் குழுவுக்கு மூன்று தடவை சொன்னோம்.
கடைசியில் நைலான் கயிற்றால் கட்டினோம்.
கட்டினோம் என்ன,
நான்தான் கட்டினேன்.
இரண்டே முக்கால் வயது
அவிழ்த்துவிடுகிற முடிச்சு.

எழுதினேன்.
தூக்கம், ஆஸ்பத்திரி, ஒற்றை ஆள்,
தாழ்ப்பாள், கயிறு, கட்டியவள் பெயர்.
வரி கட்டத்தைத் தாண்டி
அலுவலக உபயோகத்துக்கு என்ற இடத்துக்குள் போயிற்று.
'இப்போதும் ஒருத்திதான் இருக்கிறேன்' என்பதை
ஓரத்தில் செங்குத்தாக எழுதினேன்.

மறுநாள் கேட்காமலே சொர்ணமதி வந்தாள்,
தட்டை வீட்டில் வைத்துவிட்டு.
ஐநூறு பீடி குறையும் என்று அவள் சொல்லவில்லை,
கதவுக்குக் குறுக்கே கால் நீட்டி உட்கார்ந்தாள்.
நான் பஸ் ஏறினேன்.

தபால் பிரிவில் ஒருவர்
படிக்காமலே முத்திரை குத்தினார்.
'நைலான்' என்ற சொல்லின் மேல்
தேதி ஊதாவாய் விழுந்தது.
"மேடம் பாத்துட்டுக் கூப்பிடுவாங்க."
எப்போ என்று கேட்டேன்.
அடுத்த ஆளைப் பார்த்தார்.

ஜங்ஷன் பக்கம் ஒரு இரும்புக் கடையில்
ஆறங்குலத் தாழ்ப்பாள், திருகாணியோடு
நூற்று நாற்பது.
"பில்லு யார் பேர்ல?"
மையத்தின் பெயரைச் சொல்ல வாயெடுத்து
என் பெயரைச் சொன்னேன்.

பஸ்ஸில் மடியில் கனத்தது அது.
பேட்டை தாண்டியதும் பொட்டலத்தைப் பிரித்துத்
திருகாணிகளை எண்ணினேன்.
ஒன்று குறைந்தது.
மறுபடி எண்ணினேன்.