நான்காம் கட்டம்

மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்வது
அன்றுதான் எனக்கு முதல் தடவை.
மூன்று மாதத்துக்கு முன்
அந்தப் பக்கம் இருந்தேன்,
அதே நாற்காலியில். அதற்கு ஒரு கால் குட்டை.
ஆடாமல் உட்கார ஒரு வழி உண்டு.
வந்தவர்களுக்கு அதைச் சொல்லலாமா என்று
யாரிடம் கேட்பது?

வால்பரைசோவில் ஜூலை.
மூடுபனி துறைமுகத்தைத் தின்றுவிட்டு
குன்றின்மேல் ஏறிக்கொண்டிருந்தது.
ஜன்னலுக்கு வெளியே கம்பிவண்டிகள்,
ஒன்று ஏற ஒன்று இறங்க,
பாதிவழியில் கடந்தன,
பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிபோல.

பெரிய வேலை ஒன்றும் இல்லை.
கீழ்நிலையத்தில் சீட்டுக் கிழித்து
சில்லறை எண்ணித் தர வேண்டும்.
இரண்டு இடம், பதினொரு பேர்.
ஆளுக்கு ஒரு தாள், தாளில் ஆறு கட்டம்:
நேரத்துக்கு வந்தாரா,
உடை,
குரல்,
கண்ணைப் பார்த்துப் பேசுகிறாரா...
மற்ற இரண்டும் மறந்துபோயின.

ஏழாவதாக நியேவெஸ் ஒயார்சூன்.
வயது ஐம்பத்திரண்டு என்றது விண்ணப்பம்.
சாம்பல் கோட்டு; மழை பட்டுத்
தோள்கள் மட்டும் கறுத்திருந்தன.
தரை நனையுமென்று
குடையை வெளியிலேயே விட்டு வந்தார்.
அதற்குக் கட்டம் இல்லை.

"ஐந்து வருடம் கழித்து உங்களை
எங்கே பார்க்கிறீர்கள்?"
"கீழே," என்றார்.
"வேலை கீழ்நிலையத்தில்தானே?"
எனக்குச் சிரிப்பு வந்தது.
இருமல்போல் மாற்றிக்கொண்டேன்.

ஆனால் அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.
மேசைமேல் எங்கோ, இடப்பக்கமாக,
அடுப்பில் பாலை வைத்தவர்போல்
பார்வையை அங்கேயே நிறுத்தியிருந்தார்.
முதலில் கூச்சம் என்று நினைத்தேன்.
பிறகு பொய் என்று.
நான்காம் கட்டத்தில்
ஐந்துக்கு இரண்டு போட்டேன்,
மையில்.

"உங்கள் பலவீனம் ஒன்று சொல்லுங்கள்."

வெகுநேரம் பதில் இல்லை.
ஒரு வண்டி மேலே வந்து முட்டி நின்ற சத்தம்.

"மன்னிக்க வேண்டும்," என்றார்,
"உங்கள் இடது கைப் பட்டன்
ஒற்றை நூலில் நிற்கிறது.
பட்டன் கடையில் இருபத்தாறு வருடம் இருந்தேன்.
கடையை மூடிவிட்டார்கள்.
கண் மூட மாட்டேன் என்கிறது.
ஒவ்வொரு முறையும் நீங்கள் பேனாவை எடுக்கும்போது
எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது."

காலையில் அந்தச் சட்டையை
இரண்டு தரம் தேய்த்திருந்தேன்,
என்னிடம் நல்ல பெயர் வாங்க வருபவர்களிடம்
நான் நல்ல பெயர் வாங்க.
ஆள் பாதி, ஆடை பாதி.
என் இரண்டாம் பாதி
நூலில் தொங்கியது.

பார்க்கலாமென்று கையைத் தூக்கினேன். விழுந்தது.
மேசைக்கடியில் உருண்டது.
இருவரும் குனிந்தோம்.
கண்டெடுத்தவர் அவர்தான்.
கட்டைவிரலால் துடைத்து,
"நாலு துளை. சிப்பி இல்லை,
சிப்பி மாதிரி," என்றார், விலை சொல்பவர்போல.
தாளின்மேல் வைத்தார்.
சரியாக அந்த இரண்டின்மேல்.

கணக்குப் புத்தகத்தைத் தலைகீழாகப் படிப்பது
கடைக்காரர்களுக்குக் கைவந்த கலை.
படித்தாரா, தெரியவில்லை.
நன்றி சொன்னார், குடையை எடுத்துக்கொண்டார்,
அடுத்த வண்டியில் இறங்கிப் பனிக்குள் போனார்.

மாலையில் கூட்டிப் பார்த்தேன்.
மூன்றாம் இடம். ஒரு மதிப்பெண் குறைவு.

அடித்தல் திருத்தல் இருந்தால்
பக்கத்தில் மேலாளர் கையெழுத்து வேண்டும்.
தாளை எடுத்துக்கொண்டு
உர்சுலா கெரெஸ் அம்மாளின் அறைக்குப் போனேன்.
"ஏன் திருத்த வேண்டும்?"
"அவர் கண்ணைப் பார்த்துப் பேசவில்லைதான்,
ஆனால்..." என்று தொடங்கி
கையை நீட்டி விளக்கிக்கொண்டிருந்தேன்,
கஃப் வாய்பிளந்து, நூல் முனை ஆட.

அவர் பேனாவைத் திறந்திருந்தார்.
நான் சொல்லி முடிக்கும்வரை
ஒரு தரமும்
என் கண்ணைப் பார்க்கவில்லை.