ஏழரை மீட்டர்

பால்டிக் கரையில் ஒரு செங்கல் ஊர்.
அதன் கடைத்தெருவில் ஒரு பொக்கை:
போர் பிடுங்கிய மூன்று பற்கள்.
அந்த இடத்தில் அதற்குப் பிறகு கார் நிறுத்தினார்கள்.
ஒவ்வொரு மனைக்கும் அகலம் ஏழரை மீட்டர்.
மூன்றையும் வாங்கிய கம்பெனி கூட்டிப்போட்டு
இருபத்திரண்டரை என்று எழுதியிருந்தது.
கூட்டல் சரி. விடையில்தான் ஊர் இல்லை.

இருபது வீடுகள் வேண்டும் என்றார் ஹென்னிங்.
நகரசபைப் பட்டியலில்
வாடகைக்கு ஒரு கதவு கேட்டு
நூற்று நாற்பது பெயர்கள் காத்திருந்தன.

முதல் வரைபடத்தில் படிப்படியாய் ஏறும் முகடு,
பக்கத்து வீட்டைப் பார்த்து எழுதிய பரீட்சை.
பாரம்பரிய அலுவலகத்தில் டோர்த்தே லூடர்ஸ்
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:
"மாறுவேடப் போட்டிக்கா?"
இரண்டாவதில் முகப்பு முழுக்கக் கண்ணாடி.
உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒருவர் எழுதிக் கேட்டார்,
மீன் எப்போது விடுவார்கள் என்று.

பிறகுதான் அளவுநாடா எடுத்தேன்.
நவம்பர். விரலை விறைக்க வைக்கும் காற்று.
முப்பத்தொரு வீடு, நூற்றுத் தொண்ணூறு ஜன்னல்,
ஒன்றின் அளவு இன்னொன்றுக்கு இல்லை.
ஒன்று ஒரு சாண் குட்டை.
ஒன்று வாசலோடு பேச்சில்லாததுபோல் விலகி.
தூரத்தில் நின்று ஒழுங்கென்று நான் நம்பியது
கிட்டே போனால்
ஏழரை மீட்டருக்கு ஒரு பிடிவாதம்.

மூன்றாவது வரைபடத்தில் மூன்று வீடுகள் வரைந்தேன்,
ஒரே சூளையின் செங்கல்,
ஒத்துப்போகாத மூன்று புருவங்கள்.
டோர்த்தே பென்சிலைக் கீழே வைத்தார்.
அவரிடம் அதுதான் கைதட்டல்.

எதிர்வரிசையில் துணி திருத்தும் கடை.
கியெம், கப்பல் பட்டறை வேலைக்கென்று
எண்பத்தேழில் ஹைஃபாங்கிலிருந்து வந்தவர்.
பட்டறை போனது, வரவழைத்த நாடே போனது,
அவர் இருந்துவிட்டார்.
பொதுக்கூட்டத்தில் கடைசி வரிசையிலிருந்து
எழுந்து நின்று ஒன்றுதான் கேட்டார்:
"பிப்ரவரியில் ஒன்றரை மணிக்கு
என் வெட்டுமேசைக்கு வெயில் வரும்.
இனி வருமா?"

சட்டத்தைப் புரட்டினேன்.
அவர் கடை முகப்புக்குப் பாதுகாப்பு உண்டு,
கதவின் பித்தளைக் கைப்பிடிக்கும் உண்டு.
உள்ளே விழும் வெயிலுக்கு
ஒரு வரி இல்லை.

இரவெல்லாம் கணினியில் சூரியனை நகர்த்தினேன்.
நடுவீட்டில் ஒன்றரை மீட்டர் கழித்து
பின்புறக் குளம் வரை ஒரு சந்து விட்டால்
அரைமணி நேர வெயில் தெருவைத் தாண்டும்.
"ஏழரையைத் தொடாதீர்கள்" என்றார் டோர்த்தே.
"ஒரு மேசைக்காக ஒரு வீடா" என்றார் ஹென்னிங்.
இருவரும் சொன்னது நியாயம்.

ஆவணக் காப்பகத்தில் பழைய நில வரைபடம் ஒன்று.
அதே இடத்தில் மெல்லிய ஒரு கோடு.
சந்தா, காகிதம் மடிந்த தடமா,
எனக்கு இன்றுவரை தெரியாது.
சந்து என்று வாதாடினேன்.
பூதக்கண்ணாடியை நெடுநேரம் பிடித்திருந்துவிட்டு
டோர்த்தே கையெழுத்திட்டார்.
என் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது குடியேறிவிட்டார்கள்.
சந்தில் சைக்கிள்கள், ஒரு தள்ளுவண்டி,
யாரோ கட்டிய கொடியில் சாக்ஸ்கள்.
புதுச்செங்கல் இன்னும் கூச்சமாய்ச் சிவந்திருக்கிறது,
மழை பழக்கிக்கொள்ளும்.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை போனேன்.
கியெம் கடை பூட்டியிருந்தது.
கண்ணாடி வழியே பார்த்தேன்:
ஒன்று முப்பத்தைந்துக்கு வெயில்
யாருடையதோ ஒரு பாதி கோட்டின் மேல்
ஏறிக்கொண்டிருந்தது.

திரும்புகையில் பீட்சா கொண்டுவந்த பையன்
மணிப் பலகையில் விரல் ஓட்டிக்கொண்டிருந்தான்.
பத்து, பன்னிரண்டு.
எண்களை மாற்ற வேண்டாம் என்று சொன்னது நான்தான்.
"பதினொன்று எங்கே?" என்றான்.
"கட்டவில்லை" என்றேன்.

அந்த நூற்று நாற்பதில்
அந்தக் கதவு யாருக்கு விழுந்திருக்கும் என்று
நகரசபையில் கேட்டால் சொல்வார்கள்.
இதுவரை கேட்கவில்லை.