இழை

கடுகுப் பூ என்று நினைத்தேன். கனோலா என்று திருத்தினார்
நிலத்துக்காரர் ஓரெஸ்ட் பாவ்லுக்.
அத்தனை மஞ்சளில்
ஒரு லாரி நிறுத்துமளவு கறுப்பு.
"அறுப்புக்குள்ளே எடுத்துடுவீங்களா?" என்றவர்
கேட்டபின் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

வால் மட்டும் முழுசாய் நின்றது.
இடது இறக்கைத் தொட்டியில் வாசனைக்குக்கூடப் பெட்ரோல் இல்லை.
வலதில் நாற்பது லிட்டர்.
நடுவே ஒரு குமிழ்,
திருப்பாதது.

எண்ணெய் குறைந்தால் எரியும் சின்ன விளக்கைப்
பஞ்சில் சுற்றி ரெஜைனாவுக்குக் கொண்டுவந்தேன்.
அணைந்திருந்த விளக்கென்றால் மோதலில் இழை பட்டென்று முறியும்.
எரிந்துகொண்டிருந்தால் இளகி நீளும்.
நுண்ணோக்கியில் அது
சீப்பில் சிக்கிய முடிபோல
நீண்டு, சுருண்டு கிடந்தது.

எரிந்தது என்று எழுதினேன்.

"பார்த்தாரா?" என்று கேட்டாள் மார்லா ஃப்ரீசன்.
பல் மருத்துவரின் மனைவி.
"வீட்டில் அடுப்பு எரிந்தாலும் பார்க்கமாட்டார்" என்று
தானே பாதி சிரித்தாள்.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

அவள் வீட்டிலிருந்து திரும்புகையில், டேவிட்சன் தாண்டி, இருட்டில்
என் வண்டியில் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது.
இன்னும் முப்பது கிலோமீட்டர் ஓடும்.
இதுவரை ஓடியிருக்கிறது.