ஐந்து நொடி

முப்பத்திரண்டு புள்ளி நான்கு.
திரையில் பச்சை எழுத்து.
இரண்டாம் தொட்டிக்கு அதுதான் சரியான சூடு,
அதனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பால் இப்படி இருக்காதே என்று
மாரிகாவுக்கு உறைத்தபோது மணி நாலு.
பால் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும்,
கதவைத் திறந்தால் சிலிர்த்துக்கொள்ளும்.
ஒரு மணி நேரமாக ஒரே புள்ளியில் நிற்பது
ஒன்று கல்,
இல்லை பொய்.

மவுஸை அசைத்தாள். அம்புக்குறி நகர்ந்தது.
அதற்கு அடியில் எதுவும் நகரவில்லை.
திரையின் மூலையில் இன்னும் 2:51.
அந்த நேரத்தில் அது உண்மைதான்.

ஓடிப்போய் மூடியைத் தூக்கினாள்.
திறந்தபடி நின்றுபோன நீராவி வால்வு,
நாலாயிரம் லிட்டர்.
நிரல் உறைந்துவிட்டது.
பால் உறையவில்லை,
திரிந்துவிட்டது.

வெளியே பிப்ரவரி.
ஏரி, தண்ணீர்க் குழாய், ஹெல்துரின் கார்க் கண்ணாடி,
எஸ்தோனியாவின் இந்த மூலையில் எல்லாமே உறைந்துதான் கிடந்தன.
அவற்றுக்காக யாரும் விளக்கம் எழுதித் தரவேண்டியதில்லை.

நிரலை எழுதிய கம்பெனி மூடி ஆறு வருஷம்.
குணப்படுத்த ஆளில்லை,
எழுப்பத்தான் முடியும்.
நாற்பது வரி எழுதினாள்,
மத்தியானத் தூக்கத்தை விட்டு, சாக்ஸோடு, சமையலறை மேஜையில்:

அரை நிமிடத்துக்கு ஒரு தரம் அதன் கதவைத் தட்டு.
ஐந்து நொடி பொறு.
குரல் வந்தால் திரும்பி வா.
வராவிட்டால் கொன்றுவிடு,
மறுபடி எழுப்பு,
எழுதி வை.

என்னவென்று எழுதி வைப்பது?
அவள் அதிகம் யோசிக்கவில்லை.
மறுநாள் காலைப் பதிவேட்டில் இப்படி இருந்தது:
*3:12. கேட்டேன். பதில் இல்லை. நிறுத்தினேன். எழுப்பினேன்.*

"யார் இந்த நான்?" என்றார் ஹெல்துர்.
"தெரியாது. நானில்லை.
மூணு பன்னிரண்டுக்கு நான் தொட்டி கழுவிக்கொண்டிருந்தேன்."

மூன்று வாரம் பால் ஒழுங்காக உறைந்தது.
கத்தி வைத்தால் கண்ணாடிபோல் பிளந்தது.
அந்த முகம் தெரியாத நான்
இரவுக்கு ஒன்றோ இரண்டோ கொலை செய்து
மறைக்காமல் சொல்லிவிட்டுப் போனது.

இருபத்தெட்டாம் தேதி இரவு, பதினொரு கொலை.

காலையில் கணக்கு அறையிலிருந்து உர்வே வந்தாள்,
ஒரு காதில் மட்டும் தோடு.
"எண்ணிக்கொண்டிருந்தது, மாரிகா!
நூற்றுப் பதினாலு பண்ணை,
ஒவ்வொருவர் பாலிலும் எவ்வளவு கொழுப்பு, எத்தனை காசு,
ஏழு நிமிஷம் தலை நிமிராமல் எண்ணும் அது.
எண்ணுகிறவனைக் கூப்பிட்டால் எவன் திரும்புவான்?
நீ பாதியில் பாதியில் கழுத்தை நெரித்து
ஒன்றிலிருந்து தொடங்க வைத்திருக்கிறாய்."

பதினொரு முறை ஒன்று.
பதினொரு முறை, அகர வரிசையில் முதலில் நிற்கும் ஆவிக்கின் பதினெட்டு மாடுகள்.
வரிசையில் கடைசி ஆளுக்கு
இந்த மாசம் பணம் தாமதம்.

மாரிகா பதில் சொல்லவில்லை.
ஒரு வரி சேர்த்தாள்:
பதில் இல்லையென்றால் கணக்குக் கோப்பைப் பார்,
ஓர் எழுத்தாவது கூடியிருந்தால்
தொடாதே.

அப்புறம் அந்த ஐந்து.
எத்தனை போடுவது?
வால்வு திறந்தே கிடந்தால் நிமிடத்துக்கு அரை டிகிரி ஏறும்,
பால் இரண்டு டிகிரி வரை மன்னிக்கும்.
விரலில் எண்ணிப் பார்த்தாள்.
ஐந்தை அழித்துவிட்டு நாற்பது என்று அடித்தாள்,
முப்பதாக்கினாள்,
திரும்பவும் நாற்பது.

ஆறே முக்கால் பஸ்.
கோட்டில் புளித்த வாசனை.
"வோரு வரைக்குமா, வழியிலா?" என்றார் ஓட்டுநர்.
கேட்டது. காதில் விழுந்தது.
கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்,
வாய் திறக்க எங்கேயோ போய்
எதையோ எடுத்து வரவேண்டியிருந்தது.
கதவு வழியே குளிர் ஏறிக்கொண்டிருந்தது.
பின் சீட்டில் யாரோ இருமினார்கள்.

அவர் கை டிக்கெட் பொத்தானுக்கு மேலேயே நின்றது,
அழுத்தாமல்.
பிறகு மறுபடி கேட்டார்.