அரை மில்லிமீட்டர்

எண்ணூர் முகத்துவாரத்தில் காலை ஆறே காலுக்கு
நீர் வற்றம்.
தேசப்பன் மோட்டாரை அணைத்துவிட்டார்.
கயிற்று நுனியில் இரும்புத் தாடை
வாய் பிளந்தபடி இறங்குகிறது,
தரை தட்டியதும் கயிறு தளர்கிறது.
உள்ளங்கைக்குத்தான் அது தெரியும்.
இழுத்துப் போட்டால்
ஒரு டிபன் இலை அளவு கடலடி,
கறுப்பாக,
கூழ்முட்டை நாற்றத்தோடு.

"இன்னா மேடம், இந்த சேத்தை
எத்தினி தபா கழுவுவே?"
மூன்று வருஷமாக இதே கேள்வி.
மூன்று வருஷமாக நானும் சிரித்துவிட்டுக்
கழுவிக்கொண்டிருக்கிறேன்.

சல்லடைக் கண் அரை மில்லிமீட்டர்.
அதில் தங்கினால் எங்கள் கணக்கில் உயிர்.
நழுவிப் போவதை எண்ண வேறு ஆள்,
வேறு சல்லடை, வேறு நிதி.
தங்கியதை ஃபார்மலினில் போட்டு
இளஞ்சிவப்புச் சாயம் ஊற்றுவோம்.
பிடித்தபோது உயிரோடு இருந்ததெல்லாம் சிவக்கும்,
வெறும் ஓடு வெளுத்தே கிடக்கும்.
உயிர் இருந்ததா என்பதைக்
கொன்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது.

முகத்துவாரத்துக்கு வெளியே, கடல் பக்கம்,
முதல் நிலையத்தில் முப்பத்தோரு இனம்.
கை ஒடிந்தாலும் முளைத்துக்கொள்ளும் நொறுங்கு நட்சத்திரம்,
நகக்கண் அளவு மட்டி,
அதன் ஓட்டில் துளையிட்டு உறிஞ்சும் நத்தை,
சேற்றைத் தின்று சேற்றையே கழித்துக்
கடலடியை உழுதுகொண்டே இருக்கும் புழுக்கள்.
யாரும் யாருக்கும் நல்லவர்கள் இல்லை.
ஆனாலும் அது ஓர் ஊர்.

பாலம் தாண்டி, வெந்நீர் விழும் இடத்தில்,
நான்காம் நிலையம்.
ஒரே இனம். அறுநூற்றுப் பதினெட்டு.
மூச்சுக் குறைந்த சேற்றில் பெருகும்
மெல்லிய சிவப்பு நூல்புழு.
அட்டவணையின் கடைசி வரியை மட்டும் பார்த்தவர்
"எண்ணிக்கை கூடியிருக்கிறதே" என்று
அலுவலகத்தில் மகிழ்ந்தார்.

ஐந்தாம் நிலையத்தில் ஒன்றுமில்லை.
மூன்று மணி நேரம் நுண்ணோக்கியில் குனிந்து
ஒன்றுமில்லை என்பதைக் கண்டுபிடித்தேன்.
கட்டத்தைக் காலியாக விடக் கூடாது,
பூஜ்யம் போட வேண்டும்.
காலி என்றால் நாம் போகவில்லை என்று அர்த்தம்.

பாஞ்சாலை அங்கே போவதில்லை.
மார்பளவு நீரில், பறியைப் பல்லில் கடித்தபடி
கையால் துழாவி இறால் பிடிப்பவள்.
வாய் அடைத்திருப்பதால்
புருவத்தால்தான் பதில் சொல்வாள்.
என் வரைபடத்தை அவள் பார்த்ததேயில்லை.
எங்கே சாம்பல் முழங்கால் வரை,
எங்கே கால் சுடும்,
எங்கே போன வருஷம்கூட விரலைக் கவ்வுகிற நண்டு இருந்தது,
எல்லாம் பாதம் சொல்லியிருக்கிறது.

ஆறாம் நிலையம், சாம்பல் படிந்த திட்டு.
அங்கேதான் கிடைத்தது அந்தக் குழாய்.
அரை விரல் நீளம், ஊதுவத்தித் தடிமன்.
நுண்ணோக்கியில் வைத்தேன்.
மணலுக்கு மூலை இருக்கும்.
இவை மூலையில்லாத கண்ணாடி உருண்டைகள்,
அனல் மின் நிலையத்துச் சாம்பல்.
ஒவ்வொன்றாகப் பொறுக்கி, அளவு பார்த்து,
தன் பசையால் ஒட்டி
வீடு கட்டியிருக்கிறது ஒரு புழு.
உள்ளே அது சிவந்து கிடந்தது.

குழாயை நீக்கிவிட்டே எடை போட வேண்டும், விதி.
ஊசியால் பிரித்தேன்.
புழு இரண்டு மில்லிகிராம்.
வீட்டுக்கு அட்டவணையில் இடமில்லை.

தீப்பெட்டியில் போட்டு எடுத்துப் போனேன்,
ஏன் என்று தெரியாமல்.
தேசப்பன் பார்த்துவிட்டு "சாம்பல்" என்றார்,
பீடியைப் பற்றவைத்தார்.
பாஞ்சாலை பறியை வாயிலிருந்து எடுத்தாள்.
ஈர விரல்களுக்கிடையில் ஒரு துணுக்கை
நசுக்கிப் பார்த்தாள்.
"எங்க வூட்டுக் கல்லும் இத்தாலதான் மேடம்.
கவர்மெண்டு குட்த்தது.
மழைக்கு நிக்குது. வெயிலுக்குத்தான்
உள்ள இருக்க முடியல."
பிறகு பறியைக் கடித்துக்கொண்டு
நீருக்குள் இறங்கினாள்,
ஒரு பாதத்தை வைத்து,
நின்று,
அடுத்த பாதத்தை வைத்து.