இரண்டாம் மதிப்பீட்டாளருக்கு

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது.
என் பெயர் உங்களுக்குத் தெரியாது.
விதி அப்படி. நல்ல விதி.
நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், நன்றி.
அடிக்குறிப்பு முப்பத்தொன்றில்
அரைப்புள்ளி பிசகியதைக்கூட விடவில்லை.

மூன்றாம் கேள்விக்கு மட்டும் பதில் எழுதாமல்
இனயத்தில், மாடியறையில்,
ஒரு வாரமாக உட்கார்ந்திருக்கிறேன்.
"நேர்காணல் நான்கில் பேசும் மீனவர்
மறைப்பதாகச் சொல்லும் இடங்களின்
அட்சரேகை, தீர்க்கரேகைகளைச்
சரிபார்ப்புக்கு இணைக்கவும்."

நேர்காணல் நான்கு
கீழே கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறது.
எனக்கு இளையவன்.

ஜிபிஎஸ் கெட்டுப்போனால்
குளச்சலில் மாகீன் கடைக்குக் கொண்டுபோவான்.
கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகமாட்டான்.
திருகாணி கழற்றியதிலிருந்து மூடும்வரை
மாகீனின் விரல்களையே பார்த்தபடி
ஸ்டூலில் இருப்பான்.
பதினேழு புள்ளிகள் அதற்குள்.
கலவா மீன் அடைந்து கிடக்கும் பார்கள்.
ஒன்றின் பெயர் 'கரண்டு பில்'.
ஒன்று 'பல் டாக்டர்'.
சொந்த மச்சானுக்கே
அரை மைல் தள்ளிச் சொன்னவன்.

இதை நான் 'மறைகுறியாக்கம்' என்று எழுதினேன்.
வாசித்துக் காட்டினேன்.
"களவுன்னு எழுதாம விட்டியே பிள்ள, அது போதும்."

எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.
பிரஸ்ஸல்ஸில் கைரேகைத் தரவு பற்றிப்
பன்னிரண்டு நிமிடம் பேசுவதற்கு
பத்து விரலையும் கண்ணாடியில் வைத்தேன்,
ஆறு மாத வங்கிக் கணக்கையும்
அப்பாவின் இறப்புச் சான்றிதழையும் கொடுத்தேன்.
பேச்சை எல்லோரும் மறந்திருப்பார்கள்.
விரல்கள் இன்னும் அங்கேதான்.

இங்கே மட்டும் என்ன,
பலசரக்குக் கடைவரை தெரியும் எனக்கு முப்பத்தாறு என்று.
சம்பளம்தான் மூன்று விதமாக உலவுகிறது.
மூன்றையும் கிளப்பிவிட்டது நானே.

லெய்டனில் ஒரு பணியிடம் இருக்கிறது.
கட்டுரை வந்தால் கிடைக்கலாம்.
டச்சுக்காரர் தோற்றதற்கு
குளச்சல் கரையில் ஒரு தூண் நிற்கிறது.
பள்ளிச் சுற்றுலாவில் அதன் நிழலில்
சேமியா ஐஸ் தின்றேன்.
இப்போது அவர்களிடமே வேலை கேட்கிறேன்.

உங்களிடம் ஒன்றை மறைக்கக்கூடாது:
அந்தப் பதினேழும் என்னிடம் உண்டு.
புயல் வருடத்துக்கு அடுத்த வருடம்
பழைய காலண்டர் தாளின் பின்புறம்
அவனே எழுதித் தந்தான்.
"வரலேன்னா எங்க தேடணும்னு
ஒருத்திக்காவது தெரியண்டாமா."
மடித்து, ஞானஸ்நானச் சான்றிதழோடு வைத்திருக்கிறேன்.

நேற்றிரவு தாளை எடுத்தேன்.
ஸ்கேன் கூடச் செய்தேன்.
கோப்புக்கு என்ன பெயர் வைப்பது என்று
யோசித்தபோதுதான் கை நின்றது.

கெடு, ஆம்ஸ்டர்டாம் நள்ளிரவு.
இங்கே நாலரை.
இணைப்பு மூன்று: இல்லை.
காரணம் எழுத நூறு சொற்களுக்கு இடமிருந்தது.
'வேறொரு காரியத்துக்காகத் தரப்பட்டது.'
அவ்வளவுதான் எழுதினேன்.
நீங்கள் சட்டம் படித்தவர்.

அனுப்பு என்பதை அழுத்தும்போது
தூண்டில் வளைவைத் தாண்டிய வள்ளம் ஒன்று
விளக்கை அணைத்தது.
எந்தப் பக்கம் திரும்பியது என்று
யாராவது கேட்டால்
நான் அப்போது தூங்கிக்கொண்டிருந்தேன்.