சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம்

களுவாஞ்சிகுடிச் சந்தியில்
போடியார் கொமினிகேசன்.
போட்டோக்கொப்பி, லேமினேட், ரீலோட்,
பாஸ்போட் விண்ணப்பம் ஒன்றுக்கு ஐந்நூறு.
போர்டை வைத்தது அப்பா, நான் கழற்றவில்லை.
வெயிலில் 'கேசன்' மட்டும் வெளுத்துவிட்டது.

குடும்பப் பெயர் என்ற கட்டத்தின் தலையில்
சிவப்பு நட்சத்திரம்.
வெறுமையாய் விட்டால் அடுத்த பக்கம் திறக்காது.
எங்களிடம் அப்படியொன்று கிடையாது.
தாய் வயிற்றால் வரும் குடி
எந்தக் கடதாசியிலும் ஏறியதில்லை.
அப்பன் பேர் முன்னால்
ஒற்றை எழுத்தாய்க் குந்தியிருக்கும், அவ்வளவுதான்.
இந்தியாக்காரர் மாதிரி நாங்கள்
பேருக்கு வாலில் சாதி கட்டுவதில்லை என்று
கொழும்பில் படித்த காலம்
கன்ரீனில் இருந்து பெருமையடித்திருக்கிறேன், பலமுறை.

வால் எதற்கு?
"உங்கட எத்தனையாம் திருவிழா?"
இந்த ஒரு கேள்வி போதும்.
மூன்றாம் திருவிழா என்பவனுக்கு ஒரு கதிரை,
ஏழாம் திருவிழா என்பவனுக்கு இன்னொரு கதிரை.
கலியாணம், செத்தவீடு, காணி உறுதி
எல்லாம் அதற்குப் பிறகுதான்.

யோகமலர் வந்தாள்.
சைப்பிரசில் கிழவர்களைப் பார்க்கிற வேலையாம்.
ஷொப்பிங் பையில் மடிப்புக் கிழிந்த பிறப்புச் சான்றிதழ்,
சோடாப் போத்தலில் வீட்டுத் தண்ணீர்.
என் மேசையருகே
இருபது லீற்றர் கேன் நிறையத்தான் இருந்தது.
அவளிடம் நான் திருவிழாவைக் கேட்கவில்லை.
கேட்காததை நாகரிகம் என்று நினைத்தேன்.
தெரிந்ததை யார் கேட்பார்கள்?

அவளே சொன்னாள், திரையைப் பார்த்தபடி:
"எங்களுக்குத் திருவிழா இல்ல மனே.
ஆனா ஆர்ர திருவிழா எண்டாலும்
எங்கட நிலபாவாடையிலதான் அம்மன் நடக்கிற.
அங்கயும் உடுப்புத் தோய்க்கிறதுதானாம். மெசின்ல."
சிரித்தாள்.
நான் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

தகப்பனின் பெயர்: மூத்தான்.
அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும்.
என் அக்காவின் சான்றிதழிலும் அதே சாய்வு, அதே நீல மை.
அங்கே கணபதிப்போடி.
ஒரே பதிவுகாரரின் ஒரே பேனை
ஒரு தகப்பனுக்கு நீண்டிருக்கிறது,
இன்னொரு தகப்பனுக்கு 'ன்'னோடு நின்றிருக்கிறது.

குரலைத் தாழ்த்தினேன், உதவி செய்கிறவன் போல.
"இங்கிலீசில ரெண்டு மூணு எழுத்த மாத்தினா
மூர்த்தி எண்டு வந்திரும். ஆருக்குத் தெரியும்?"

என்னைப் பார்க்க நேரமெடுத்தாள்.

"வேணாம் மனே.
அப்பாவ ஊரில ஆரும் 'ர்' போட்டுக் கூப்பிடல்ல.
மூத்தான் வாடா. மூத்தான் இத எடுறா.
பால் குடிக்கிற புள்ளயும் அப்பிடித்தான்.
போன கிழம ஏஜென்சியில ஒரு சிங்களப் பொம்புள
'மிஸிஸ் மூத்தான்' எண்டு கூப்பிட்டா.
வேற ஆரையோ எண்டு இருந்திட்டன்.
ரெண்டாந்தரமும் கூப்பிட்டா.
அதுக்குப் பிறகுதான் எழும்பினன்.
அப்பா செத்துப் பதினொரு வருசம்.
அந்தப் பேர அப்பிடியே போடுங்க."

போட்டேன்.
எழுத்தெழுத்தாய்ச் சரிபார்த்தாள், விரல் திரையில் படாமல்.
அடுத்த பக்கம் திறந்தது.

பிரிண்டர் இழுத்து இழுத்து அடித்தது.
காசு வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.
மூன்று நூறு, மிச்சம் இருபதுகளாய்
கண்ணாடி மேசையில் எண்ணி வைத்துவிட்டு
பட்டிருப்புப் பக்கம் போகிற பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.
போத்தலை மறக்கவில்லை.

வந்தபோது சொல்லியனுப்பிய பிளேன்டீ
அப்போதுதான் வந்தது.
இரண்டு.
ஒன்று கண்ணாடிக் கிளாசில்,
ஒன்று கடதாசிக் கப்பில்.
எதற்கு எது என்று
நான் ஒன்றும் சொல்லியனுப்பவில்லை.
தேத்தண்ணிக் கடைப் பொடியனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்.
வாசலில் நின்று யோகமலரைப் பார்த்துவிட்டுப் போனவன் அவன்தான்.

எதை எடுத்துக் குடித்தேன் என்பதை
இங்கே எழுதப்போவதில்லை.